ஓடுவதற்குக் கட்டிய பை

பெரியம்மாவின் மகள் சண்டையில் வீடிழந்து, திருகோணமலைக் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளிடம் இருந்தது இரண்டு சட்டையும் ஒரு கதைப்புத்தகமும்தான். அதுவரை அம்மாவின் பின்னேரங்கள் எனக்குச் சொந்தம். பிறகு அம்மா கிழிந்த வலையைப் பொத்த, அந்த அக்கா பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒருநாள் நானும் வாசித்துக் காட்டினேன்.

"நீ வாசிச்சா மீன் ஏலம் கூறுற மாதிரிக் கிடக்கு. அக்காட்டக் குடு."

கதையில் ஒரு தங்கச்சி, தமக்கையின் தோட்டை ஒளித்து வைத்திருந்தாள். முடிவை நாளைக்கு வாசிப்பதென்று புத்தகத்தை மூடினார்கள். நான் கடைசித் தாளைக் கிழித்தேன். திடீரென ஓடவேண்டி வந்தால் தூக்குவதற்கென்று எல்லா வீடுகளிலும் ஒரு பை இருந்ததே, எங்களுடைய பையில், பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவே செருகினேன். சும்மா யாரும் திறக்காத பை.

"சின்னம்மா, கடைசித் தாளைக் காணேல்ல."

அம்மா என்னைப் பார்த்தார். "நீ கண்டனியா?"

"இல்லையம்மா."

அதற்குப் பிறகு வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் உயிருக்குப் பயந்தார்கள், நான் பைக்குப் பயந்தேன். ஓடவேண்டி வரக்கூடாதென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். அவர் கேட்கவில்லை.

நாலாம் நாள் ஊரைவிட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகப் பதிய நின்றோம். சான்றிதழ் எடுக்க அம்மா பையைத் திறந்தார். தாள் விழுந்தது. அக்கா குனிந்து எடுத்தாள். ஒருதரம் என்னைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை அது?"

"கதையின்ர கடைசித் தாள் சின்னம்மா. நான்தான் பைக்குள்ள வச்சிட்டு மறந்திட்டன்."

"விசரி. சரி, இருந்து வாசி. அந்தத் தங்கச்சிப் பெட்டைக்கு என்ன நடந்தது?"

வாசித்தாள். தங்கச்சி பிடிபடவில்லை. தோட்டை நான்தான் தொலைத்தேன் என்று தமக்கை சொல்லிவிட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் தலையைத் தடவினார்.

அக்கா திரும்பப் பைக்குள் வைத்த அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கிழித்தபோது பயத்தில் வாசிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, எழுத்தும் மறந்துபோனவள், பிள்ளைகள் பெற்ற பிறகுதான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதில் தங்கச்சி பிடிபடுகிறாள். அவளை வீட்டைவிட்டே அனுப்பிவிடுகிறார்கள்.

அன்றைக்கு நான் கண்டது வேறு. தாளைப் பார்க்காமல், என்னையே பார்த்து அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள். இதையும் பாடமாக்கி வைத்திருக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.