வெள்ளிமலையில் இருந்த சுவிட்ச்

வெள்ளிமலைக்கு டிவி சேனல்களை இணையக் கம்பி வழியாகக் கொண்டுபோனவள் செந்தமிழ்ச்செல்வி. நைனார்பாளையத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண். டிப்ளமோ முடித்து, கள்ளக்குறிச்சியில் அன்புச்செல்வனின் கேபிள் கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தாள். ஒரு சேனல் மலைக்கு ஒரே தடவைதான் ஏற வேண்டும். எந்த வீட்டில் அதைப் போடுகிறார்களோ அந்த வீட்டுக் கம்பிக்கு மட்டும் மலைமேல் வைத்த சுவிட்ச் என்ற நெட்வொர்க் கருவி பிரித்து அனுப்ப வேண்டும். மல்டிகாஸ்ட் என்பார்கள். கீழே சேனல்களுக்கு வழி காட்டும் ரூட்டிங், மேலே சுவிட்ச், இரண்டையும் ஒத்துப்போக வைக்க எத்தனையோ முறை பஸ்ஸில் மலை ஏறி இறங்கினாள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் திடீரென்று படுத்துவிட்டது. டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. இன்டர்நெட் நகரவில்லை. வெள்ளிமலையில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் பச்சையம்மாள் போனில் கத்தினாள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? சான்றிதழுக்கு வந்த சனம் காலைலேர்ந்து குந்திக்கினு கீது. நீதான் ஏதோ மாத்தி கெடுத்துட்டியாமே, ஒங்க மொதலாளி சொன்னாரு!"

செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் எதையும் தொடவே இல்லை. அடுத்த பஸ்ஸில் மலைக்குப் போனாள். சுவிட்ச் வைத்த பெட்டியைத் திறந்தால், உள்ளே வேறு சுவிட்ச்! பிரித்து அனுப்பத் தெரியாத மட்டமான சுவிட்ச். எல்லாச் சேனலையும் எல்லா வீட்டுக் கம்பியிலும் கொட்டி லைனை அடைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த லைன்மேன், பாவாடை என்பவன், தலையைச் சொறிந்தான்.

"மொதலாளிதான் பழச கயட்டினு வரச் சொன்னாரு. எலவனாசூர்கோட்டைல அவரு கட்டின கல்யாண மண்டபத்து கேமராவுக்கு. மலைக்காரங்களுக்கு இது போதும்னாரு. ஒங்கிட்ட சொல்ல வாணாம்னாரு."

அவள் நேரே மண்டபத்துக்குப் போனாள். பந்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த அன்புச்செல்வன் திரும்பிப் பார்த்தார்.

"சுவிட்ச குடுங்க அண்ணா."

"வேல கத்துக்கினதும் திமிரு ஏறிப்போச்சா?"

செல்வி போனை எடுத்தாள். பச்சையம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அக்கா, ஒங்க சுவிட்ச் மொதலாளி மண்டபத்துல கீது. அவரும் இங்கதான் நிக்கிறாரு, நாளைக்கு இங்க கல்யாணமாம்."

"அப்பிடியா சேதி? நாளைக்கு ஜீப்பு ரொப்பிக்கினு மண்டபத்துக்கே வர்றோம். கல்யாணத்துக்கு வர்றவங்களோட நாங்களும் குந்தி டிவி பாக்குறோம்!"

பந்தல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அன்புச்செல்வன் முகம் கறுத்து, சுவிட்சைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் மலையில் எல்லாம் ஓடியது. ஆனால் தன் தப்பை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "எல்லாருகிட்டயும் சொல்லுங்க" என்று செல்வி கேட்டபோது, "அதான் சரியாயிடுச்சே" என்றார். அந்த மாதத்தோடு வேலையை விட்டாள். சின்னசேலத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள்.

போன மாதம் பஸ்ஸில் மலைக்காரர் ஒருவர் அவளை உற்றுப் பார்த்தார். "எங்க லைன கெடுத்த பொண்ணு நீதானம்மா?"

அவள் எழுந்து நின்றாள். நடந்ததை முதலிலிருந்து, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். அன்புச்செல்வன் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் சேர்த்தே சொன்னாள். கண்டக்டர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.