காகம் தொடாத வடையும் ஹந்தானைப் பயணமும்

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியக்காவின் வருசத் திதியன்று, காகத்துக்கு வைக்கும் முன்பே படையலிலிருந்து ஒரு பருப்பு வடையை எடுத்துச் சாப்பிட்டது நான்தான். கை தவறி நடந்தது என்றும் சொல்ல முடியாது. புதிதாகக் கட்டிய மூன்று பல் செட்டுக்கு அடியில் பருப்பு சிக்கும் என்பதால், அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நிதானமாகத்தான் சாப்பிட்டேன்.

அன்று காகம் வரவில்லை. அது தொடாமல் யாரும் இலையில் உட்காரக் கூடாது. பத்தொன்பது பேர் மாலை நாலு மணி வரை எங்கள் ஊர் பிலிமத்தலாவை வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் பசி தாங்காமல் அப்படியே சாப்பிட்டோம். "அக்கா எதுலயோ கோவிச்சுக்கிட்டாங்க" என்று தங்கச்சி செல்வி அழுதாள். மூன்று நாளாகியும் அழுகை நிற்கவில்லை. எனக்கு மனசு கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம ஹந்தானைக்குப் போறோம். அக்கா கொழுந்து பறிச்ச எடத்துலயே வச்சுக் கும்பிடுவோம். வடைய நான்தான் தூக்குவேன்."

காலை 8.10க்கு பஸ் ஏறினோம். கண்டிக்குப் பதினொரு கிலோமீற்றர்தான், பேராதனை நெரிசலில் ஐம்பது நிமிடம் பிடித்தது. ஆளுக்கு எண்பது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். செல்வி சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள். எனக்குக் கூடை எட்டாத ஜன்னல் சீட்.

கண்டியிலிருந்து மேலே ஐந்து கிலோமீற்றர். ஓட்டோவுக்கு எண்ணூறு ரூபாய் பேசினேன். ஓட்டியவர் அலவத்துகொடக்காரர். "கூடையில என்ன அண்ணன், நல்ல வாசம் வருது" என்றார்.

"காகத்துக்கு" என்றேன்.

"கண்டி டவுன் முழுக்கக் காகம்தானே. இதுக்கா மலை ஏறுறீங்க?"

"இது எங்க அக்காவுக்குப் பழக்கமான காகம்" என்றாள் செல்வி. அவர் அதற்குப் பிறகு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது. எங்கள் ஐந்து பேரையும் இந்த ஹந்தானை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துத்தான் வளர்த்தார். பெண் பார்க்க வருகிறவர்களிடம், "என்னைக் கட்டுனா அஞ்சு புள்ள இனாம்" என்பார். தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் இறங்கிப் போன மாப்பிள்ளைகளை நானே எண்ணியிருக்கிறேன். ஒருவர் செருப்பை விட்டுவிட்டுப் போனார். அதை நான் இரண்டு வருசம் போட்டேன். என் கல்யாணத்தன்று மனைவியிடம் அக்கா சொன்ன புத்திமதி: "இவன் பேச்சக் கேக்காத, கையப் பாத்துக்க."

ஓட்டோவை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் நாங்கள் வளர்ந்த பழைய லய வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் மேல் இலை போட்டு, சோறு, வடை எல்லாம் வைத்தோம். அரை மணி நேரம் ஒரு காகமும் இல்லை. செல்வியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அக்கா, எடுத்தது நான்தான். இவ மேல கோவப்படாதீங்க" என்றேன். விளையாட்டாகத்தான் தொடங்கினேன், முடிக்கும்போது கை கூப்பியிருந்தேன்.

செல்வி மூக்கைத் துடைத்தாள். "அக்காவுக்குத் தெரியாதா? அம்மா திதிக்கு எப்பவுமே வடை ஒண்ணு கூடுதலாத்தான் சுடுவாங்க. 'பெரியவன் எடுப்பான், அவன் பங்கு அது'ம்பாங்க. நான்தான் இந்தத் தடவை அதை மறந்துட்டேன்."

சின்ன வயசிலிருந்தே என்னைக் கெட்டிக்காரத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எனக்குப் பரிமாறிக்கொண்டு இருந்திருக்கிறார்.

செல்வி ஒரு வடையை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் இறங்கிச் சோற்றைக் கொத்தியது. செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். "சாப்பிடு அண்ணே. இனித் திருட வேணாம்."

போகிறவர்களுக்குச் சில விசயம். அட்டை கடிக்கும், காலுக்குச் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு மேல் மழை பிடிக்கும், காலையிலேயே போங்கள். அந்தப் பக்கம் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். ஓட்டோவை நிறுத்தி வைத்தால் மேலதிகமாக முந்நூறு.

வடைக்காகக் கழற்றிய பல் செட்டை நான் இலை ஓரத்தில் வைத்திருந்தேன். காகம் அதைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்கு மேலே பறந்தது. செல்வி எழுந்து நின்று கும்பிட்டாள்.