கயிறு கட்ட ஓர் இடம்

வீடு மாறுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் பன்னிரண்டு வருடமாகத் தன் டீசல் பிக்கப் வண்டியில் ஏற்றிப் போகிறவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் கயிறக்கா. தோளில் சுருட்டிய கயிறு இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்தும் பார்த்ததில்லை.

அடுத்த மாதத்திலிருந்து டீசல் வண்டி நகருக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு வந்ததும் இருந்த கொஞ்ச நஞ்ச நிதானமும் போயிற்று. வண்டி இல்லையென்றால் தொழில் இல்லை. கரண்டில் ஓடும் பிக்கப் ஒன்று வேண்டும். தட்டையான தளம், கைக்கு எட்டுகிற விலை, அவ்வளவுதான். அவள் ஏறி இறங்காத கடை இல்லை.

கடைசியில் ஒரு கம்பெனி தன் தொழிற்சாலைக்கே கூப்பிட்டது. அன்றே பதிவு செய்தால் மாதக் கடைசிக்குள் வண்டி. புருஷனை இழுத்துக்கொண்டு போனாள்.

புது வண்டியை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். வண்டி லட்சணமாகத்தான் இருந்தது. பக்கச் சுவர்கள் வழவழவென்று சரிந்திருந்தன. கைதட்டினால் கதவு திறந்தது. சுமை தூக்குகிறவர்களுக்குத் தட்டக் கை ஏது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கயிறக்கா விளிம்பைத் தடவியபடி இரண்டு சுற்று வந்தாள்.

"கயிறு எங்க சார் கட்டறது?"

பக்கத்தில் நின்ற, வண்டியின் வடிவமைப்பாளர் சிரித்தார். "கொக்கி வெச்சா அழகு கெட்டுடும்க்கா. இது எதிர்காலத்துக்கான டிசைன்."

"பீரோ சரிஞ்சா என் எதிர்காலம் என்னாகறது?"

புருஷன் முழங்கையால் இடித்தான். "இதையும் விட்டா வேற ஏது? கையெழுத்தப் போடு."

அவன் சொன்னதும் நியாயம்தான். டீசல் தடைக்கு இன்னும் ஒன்பதே நாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

சன்னலுக்கு வெளியே ஒரு வண்டி சத்தமில்லாமல் போனது. தகரப் பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. தட்டையான தளத்தில் இரும்புச் சாமான்கள். பக்கத்துக்கு நாலு கொக்கி. கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. பேனாவும் கையுமாக வெளியே ஓடினாள். வடிவமைப்பாளரும் பின்னாலேயே வந்தார்.

"இது கரண்டு வண்டியா சார்?"

"ஆமாக்கா. எங்க ஒர்க்‌ஷாப் ஆளுங்க பழைய டீசல் வண்டியப் பிரிச்சு கரண்டுக்கு மாத்தினது. ஆறு வருஷமா ஓடுது."

"இதுல ஒண்ணு குடுங்களேன்."

"இது விக்கறதுக்கு இல்லக்கா. இது வேலைக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கயிறக்கா பேனாவை அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"ஏங்க, நம்ம வண்டிய எடுத்துட்டு வாங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, ஒர்க்‌ஷாப் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.