சங்கிலிப்பாண்டி கட்டிய கோணல் சக்கரம்

சங்கிலிப்பாண்டியிடம் சைக்கிளுக்குச் சக்கரம் கட்டப் போகிறவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"மழை பேஞ்சா எங்கன ஓட்டுவீய?"

ரிம் வாங்க வந்த இடத்தில் மழையைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். கோவில்பட்டியைத் தாண்டினால் எந்தப் பக்கமும் கரிசல்தான். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. அகல ரிம்மும் பருத்த டயருமாக அதில் இறங்கினால், மண் அப்பி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்குக்குள் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வீடு வர வேண்டும். அதனால் காட்டுப் பாதையில் போகிறவனுக்கு ஒல்லி ரிம். தார்ரோட்டில் மூட்டை ஏற்றுகிறவனுக்கு அகலமான இரும்பு ரிம். கூட்டமாக மதுரை வரைக்கும் போய்வரும் பந்தய சைக்கிள்காரர்களுக்கு அலுமினிய ரிம். ஆளையும் பாதையையும் கேட்டுவிட்டுத்தான் கம்பி கோர்க்க உட்காருவார். வேலைக்குக் குறைவில்லை. திருநெல்வேலியிலிருந்துகூட வந்து நிற்கிறார்கள்.

கடை அவருடையது அல்ல, மச்சான் மாரிராஜுடையது. அதுவும் ஒருவழி மச்சான் இல்லை. மாரிராஜின் தங்கை வனிதாவைச் சங்கிலிப்பாண்டி கட்டியிருக்கிறார். சங்கிலிப்பாண்டியின் தங்கை வேலுத்தாயை மாரிராஜ் கட்டியிருக்கிறார். விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்க் காட்டுக் குடும்பங்கள் இரண்டும். ஒரே பந்தலில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். நகைப் பேச்சு இல்லை, இரண்டு செலவு இல்லை என்று ஊரே மெச்சியது.

மெச்சியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. ஒருமுறை கடை திறக்கும் நேரத்தை வைத்து மச்சான்களுக்குள் வாய்த்தகராறு. சங்கிலிப்பாண்டி கோபித்துக்கொண்டு வேலைக்குப் போகவில்லை. அந்த வாரமே வேலுத்தாய் துணிப்பையோடு தாய்வீட்டு வாசலில் நின்றாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்று மாரிராஜ் பஸ் ஏற்றி விட்டிருந்தார். சங்கிலிப்பாண்டி மறுபடி கடைக்குப் போனார். மறுநாளே வேலுத்தாயைக் கூட்டிப் போக ஆள் வந்தது.

நான் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் நூற்பாலை வாசல்களிலும் சங்கம் கட்டியவன். முதலாளி என்றால் வாசலில் கொடியை நடலாம். மச்சான் வாசலில் எதை நடுவது?

போன வருஷம் கிருஷ்ணகுமார் வந்தார். கோயம்புத்தூரில் பெரிய சைக்கிள் கடை வைத்திருப்பவர். கன்னியாகுமரிக்கு ஓட்டிப் போகிற வழியில், நம் ஊரில் பின்சக்கரக் கம்பிகள் அறுந்து நின்றுவிட்டார். சங்கிலிப்பாண்டி சக்கரத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மனிதர் நேரே கடைக்கு வந்தார்.

"கன்னியாகுமரி போய்ட்டு வந்தும் சக்கரம் கொஞ்சம்கூட ஆடலைங்கண்ணா. எங்க கடையில சக்கரம் கட்டறதுக்குன்னே தனி அறை இருக்குங்க. வந்துருங்க. வீடும் நானே பாத்துத் தர்றேன்."

புது ரிம் ஒன்றையும் ஹப்பையும் எடுத்து வைத்தார். "இதை எனக்குக் கட்டி வையுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க வர்றேன். அப்பப் பதில் சொன்னாப் போதும்."

தன் கைக்காகத் தன்னைத் தேடி ஒருவர் வந்தது சங்கிலிப்பாண்டிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வனிதாவுக்கும் ஆசை. "எங்கண்ணன்ட்ட நான் பேசுதேன்" என்றாள். பேசினாள். மாரிராஜ் பதிலைக் கடையில் வைத்து, வாடிக்கைக்காரர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தாராளமாப் போங்க மச்சான். ஒங்க கைக்கு இந்த ஊரு பத்தாது. ஒண்ணே ஒண்ணு, போகும்போது வேலுத்தாயையும் ஊர்ல விட்டுட்டுப் போயிருங்க. ஒங்க அம்மை தனியாக் கெடக்காவ, பாவம்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சங்கிலிப்பாண்டி சக்கரத்தைக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு கம்பி முறுக்கும் நிப்பிள் சாவியை எடுத்து, ஒரு பக்கத்தில் சில கம்பிகளைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தில் முறுக்கினார். சக்கரத்தில் கோட்டம் விழுந்தது. நகத்தடிமன்தான், தொழில் தெரிந்த கண்ணுக்கு அது போதும். கிருஷ்ணகுமார் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார், ஏமாந்து போவார், கூப்பிட்டதை அவரே மறந்துவிடுவார். வர முடியாது என்று சொல்ல வேண்டாம். ஏன் என்று விளக்கவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகுமாரை முந்திக்கொண்டு வேலுத்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். சங்கிலிப்பாண்டி தொழில் பழகிய காலத்தில் வீட்டு முற்றத்தில் அவருக்குச் சக்கரம் சுற்றிவிட்டவள் அவள்தான். ஸ்டாண்டில் நின்ற சக்கரத்தைப் பழக்கத்தில் ஒரு சுண்டு சுண்டினாள். ரிம் ஸ்டாண்டின் அளவுக் கட்டைக்குப் பக்கத்தில் வந்தது, விலகியது, வந்தது.

"என்னண்ணே இது?"

"அவசரத்துல கட்டுனது."

"யாருட்ட அளக்க? நீ தூக்கத்துல கட்டுனாக்கூட இப்படி ஆடாதே. கோயம்புத்தூர்க்காரருக்குள்ளதா?"

அவர் பழைய துணியை எடுத்து ரிம்மைத் துடைத்தார்.

"வரலைன்னு சொல்ல ஒனக்கு வாயில்ல. சக்கரத்த விட்டுச் சொல்லச் சொல்லுதியாக்கும்?"

"ஏட்டி, ஒனக்காகத்தாம்ட்டி."

"எம்பேரச் சொல்லாத!" சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒம் பொண்டாட்டிக்கு ஈடா என்னயக் குடுத்தாவ, சரி. ஒங்கைவேலைக்கும் நாந்தான் ஈடா? போ, இல்ல இரு. அது ஒம்பாடு. என்னயக் காட்டி வேலையக் கோணலாக்காத."

நிப்பிள் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "நேராக்கு."

அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் கோட்டம் எடுத்தார்.

கிருஷ்ணகுமார் வந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது ஓய்ந்து நிற்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"இதுதானுங்கண்ணா வேலை. எப்ப வர்றீங்க?"

வாசல் ஓரம் வேலுத்தாய் நின்றாள். மேசைக்குப் பின்னால் மாரிராஜ் எழுந்து நின்றார். சங்கிலிப்பாண்டி சாவியை உள்ளங்கைக்குள் உருட்டினார்.

"தங்கச்சி இங்கன இருக்கா" என்றார்.

கிருஷ்ணகுமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாரிராஜுக்கு விளங்கியது. "இங்கனயே அனுப்பி விடுங்க சார். ரிம்மப் பார்சல்ல போட்டா போதும், மச்சான் கட்டித் தருவாவ. என்ன மச்சான்?"

மச்சான் தலையாட்டினார். வேலுத்தாய் தூக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

இப்போது கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்துகொண்டே இருக்கிறது. 'பந்தய சைக்கிள் சக்கரங்கள் கட்டித் தரப்படும்' என்று மாரிராஜ் புதுப் பலகை மாட்டியிருக்கிறார், கீழே அவர் பெயர். சங்கிலிப்பாண்டிக்கு இடுப்பு நிமிர்த்த நேரமில்லை. கோட்டத்தோடு விட்டிருந்தால் பழைய வேலையோடாவது இருந்திருப்பார்.

வேலுத்தாய் தினமும் தூக்குக் கொண்டு வருகிறாள். ஸ்டாண்டில் இருக்கும் சக்கரத்தைச் சுண்டிவிட்டு, ரிம்மைப் பார்க்கிறாள். ஆடுவதில்லை. தூக்கை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அண்ணனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.