சடையன் பெண்ஜாதி

பத்திர எழுத்தருக்கு வாடிக்கைக்காரர்கள் இரண்டு வகை: உயிரோடிருப்பவர்கள் அவசரப்படுவார்கள், இறந்தவர்கள் அகப்படமாட்டார்கள். பழைய தஸ்தாவேஜு தேடி அலைந்து நொந்தவர் நீங்களும் என்றால், இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி நடந்த வருஷங்களில் நான் பொன்னாயியைத் தேடிய கதை உங்களுக்கு ஆறுதல் தரலாம்.

பஸ் போகும் ஊர்

வடக்கனந்தலில் கூலி வேலை செய்யும் அஞ்சலை, மகளை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க ஜாதிச் சான்று கேட்டு அலைந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்கிய குடும்பம். பழங்குடிப் பட்டியலில் அவர்களுக்குப் பெயர் ‘மலையாளி’. மலையை ஆள்பவர் என்று பொருள் கொள்ளலாம், நான் கொண்டேன். சான்று தரும் அலுவலகத்துக் குமாஸ்தா கேரளம் என்று பொருள் கொண்டு, “மலையாளம் பேசத் தெரியுமாம்மா?” என்றார்.

அஞ்சலை சொன்னாள்: “வெள்ளிமலைக்குப் போற பஸ்ஸு இன்னா கேரளாவுக்கா சார் போவுது?”

பொ வரிசை

குமாஸ்தா அசரவில்லை. செத்துப்போன புருஷன் பெயரில் ‘கவுண்டர்’ ஒட்டியிருக்கிறது, கவுண்டர்கள் கீழேயும் இருக்கிறார்கள், வெள்ளைக்காரன் காலத்துக் காகிதம் ஏதாவது கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். அஞ்சலை என்னிடம் வந்தாள். அவள் மாமனார் சின்னையனைப் பெற்ற பொன்னாயி, மலையிலிருந்து இறங்கி இரண்டு காணி வாங்கி, மகனுக்கு உயில் எழுதி வைத்ததாக வீட்டில் பேச்சு.

பழைய பதிவுப் புத்தகங்கள் வெளியூர்ப் பதிவு அலுவலகத்தில் இருந்தன. பெயர் அட்டவணையில் ‘பொ’ வரிசையை மூன்று நாள் புரட்டினேன். எத்தனையோ பொன்னுசாமிகள், பொன்னாயி மட்டும் இல்லை. நாலாம் நாள் ‘ச’ வரிசையில் அகப்பட்டாள்: ‘சடையன் பெண்ஜாதி’. நிலம் வாங்கியவள் அவள், உயில் எழுதியவளும் அவள், அட்டவணையில் இடம் மட்டும் புருஷனுக்கு. நகல் கேட்டால் அடுத்த தடை. எழுதியவர் உயிரோடிருந்தால் உயில் நகலைப் பிறருக்குத் தரக்கூடாதாம். பொன்னாயி இறந்ததற்கு அத்தாட்சி எங்கே?

அதற்கு, கூட வந்திருந்த அஞ்சலை அலுவலகத்தாரிடம் சொன்னது: “அவங்க உசுரோட இருந்தா உங்களக் கேட்டுக்கினா நிப்பாங்க? இந்நேரம் பொஸ்தகத்தயே தூக்கிக்கினு வூடு போய்ச் சேந்திருப்பாங்க.”

சாலையில் புளியமரம்

ஊரில் அத்தாட்சி எழுதி வாங்கிக் கொடுத்து நகலைப் பெற்றோம். மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். திரும்பும் வழியில், தியாகதுருகத்துக்கு முன்னால் சாலையில் புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. பஸ் நின்றுவிட்டது. நகலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தேன். அஞ்சலை முன்னால் போனாள். மரத்தருகே நின்ற மறியல்காரர்களில் ஒருவர், “நீங்க எந்த ஆளுங்க?” என்று வழிமறித்தார். நான் பொருத்தமான ஒரு பதிலைத் தமிழில் வாக்கியமாக அமைத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை முந்திக்கொண்டாள்: “அதக் கேட்டுத்தாண்ணா நாலு மாசமா நடக்கறோம். உனுக்குத் தெரிஞ்சா எழுதிக் குடு, இப்பிடியே திரும்பிடறோம்.”

அவர் சிரித்து, கிளையைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்.

ஒரு சொல்

மறுநாள் குமாஸ்தா நகலை விரலால் தடவித் தடவிப் படித்தார். ‘கல்வராயன் மலை மலையாளி சடையன் பெண்ஜாதி பொன்னாயி, என் மகன் சின்னையனுக்கு எழுதிவைத்த உயில்.’ பெண்ஜாதி என்றால் பெண்டாட்டி. பத்திரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அவர் விரல் அங்கேயே நின்றது. “மலையாளின்னு இருக்கிறது சடையனுக்கு. அந்தம்மாவுக்குப் பெண் ஜாதின்னுதானே போட்டிருக்கு?”

சொல்லின் பிறப்பை விளக்க வாய் திறந்தேன். அஞ்சலை கையமர்த்தினாள். “அப்ப அந்த ஜாதிக்குத்தான் சார் மொதல்ல எடஒதுக்கீடு குடுக்கணும். அதுவரிக்கும் நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்.” உட்கார்ந்தும்விட்டாள்.

சத்தம் கேட்டு அதிகாரி உள்ளேயிருந்து வந்தார். உயிலை முழுக்கப் படித்துவிட்டு, குமாஸ்தாவைப் பார்த்தபடி கடைசி வரியை மட்டும் உரக்க வாசித்தார்: “‘இதற்கு மாறாக யார் பேசினாலும் செல்லத்தக்கதல்ல.’ பேனா குடுய்யா.”

அன்றிலிருந்து நான் எழுதும் பத்திரங்களில் பெண்ணின் பெயர் முன்னால், புருஷன் பெயர் பின்னால்தான் வருகிறது. ஏன் என்று கேட்பவர்களுக்கு இலக்கணம் என்று சொல்லிவைக்கிறேன்.