எட்டாவது பேர்

காக்துவீப் சந்தைக்குப் பின்னால் டார்ச் விளக்கும் பேட்டரியும் பழுது பார்க்கிற சுபல் மாய்த்தி, வெற்றிலைக் கொடிக்கால் நகேனுக்கு இரண்டாவது பிள்ளை. மூத்தவன் கோகுல். நகேன் போய்விட்டார்; அவர் தம்பி பூபதி இருக்கிறார். கோகுலுக்குக் கட்டி வந்தவள் மினதி, நாம்கானாப் பக்கம், சுபலின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பேத்தி. பிள்ளை இல்லை.

கோகுல் காணாமல் போனது சங்கராந்தி நீராட்டுத் திருவிழாவில். வெற்றிலைக் கூடையோடு சாகர் தீவுக்குப் படகேறினான். பனிமூட்டத்தில் படகுத்துறையில் நெரிசல். கூடை மட்டும் வீடு வந்தது. அப்போது அங்கே கூடாரம் போட்டு, மூங்கிலில் கம்பி கட்டி, தொலைந்தவர்களைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்த, சொந்த ரேடியோவில் ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்கிற அமெச்சூர் ரேடியோச் சங்கத்தார் கோகுலின் அடையாளத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மூன்று நாள் அந்தக் கூடார வாசலிலேயே கிடந்தான் சுபல். பிறகு அவர்களோடே சேர்ந்துவிட்டான். பரீட்சையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, ரேடியோவில் பேச உரிமம் வாங்கினான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து தொலைந்தவர் பட்டியலை ரேடியோவில் படிப்பது அவன் வேலை. மாவட்டத்துக்கு மாவட்டம் சங்கத்தார் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆள் கிடைத்தால் பேரை அடிப்பார்கள். இல்லையென்றால் வீட்டார் வந்து "போதும்" என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்லாத பேரை அடிக்கக் கூடாது. கோகுலுக்குப் பின்னால் எத்தனையோ பேர் வந்தார்கள், கிடைத்தார்கள். கோகுல் எட்டாவது பேராகவே நின்றான்.

இந்தச் சங்கராந்தியோடு பன்னிரண்டு வருஷம் நிறைகிறது; அத்தனை வருஷம் வராதவரைச் செத்தவராக எண்ணிக் காரியம் செய்வது வழக்கம். தை அமாவாசைக்குத் தர்ப்பைப் பொம்மை செய்து கொள்ளி வைத்துவிட வேண்டும் என்றார் பூபதி.

"இந்த ஒரு திருவிழா போயிட்டு வந்துடறேன் சித்தப்பா. அப்புறம் பேசுவோம்" என்றான் சுபல்.

"போ. நீ என்ன தேடறன்னு கடலுக்கே தெரியும். அதுவே அலுத்துப் போச்சு."

திருவிழா முடிகிற அன்று, குளிக்கிற கரையில் ஒரு பெரியவர் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார். பேர் படிக் மஹதோ, புருலியாப் பக்கம். புத்தி தடுமாறி எந்தெந்த ஊரிலோ கிடந்தவர். இப்போது ஊர் பேரும் பெண்டாட்டி பேரும் மட்டும் நினைவுக்கு வந்திருந்தன. சுபல் அவரைச் சங்கத்துக் கூடாரத்துக்குக் கூட்டி வந்து, புருலியாவில் இருக்கும் அனாதி வாத்தியாரை ரேடியோவில் கூப்பிட்டான். வாத்தியாரும் சங்கத்து ஆள். அன்றே அந்த ஊருக்குப் போய், மறுநாள் காலை அந்த அம்மாளையும் மகனையும் தன் வீட்டு ரேடியோவுக்கு அழைத்து வந்தார்.

ஆள் காணாமல் போய்ப் பதினாலு வருஷம் என்று வாத்தியார் சொன்னதும் சுபல் கணக்குப் போட்டான். பதினாலு வருஷம் கழித்து ஒருத்தன் வீடு போகிறான் என்றால், கோகுலுக்கு மட்டும் என்ன?

மகன்தான் முதலில் பேசினான். "எங்கப்பா செத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. பன்னண்டு வருசம் பாத்தோம். பொம்மை வெச்சு எரிச்சாச்சு, மொட்டை அடிச்சாச்சு, ஊருக்குச் சோறு போட்டாச்சு."

"தம்பி, இதோ எம் பக்கத்துல உக்காந்து பொரி திங்கறாரு."

"இருக்கலாம். கொள்ளி வெச்ச ஆளைத் திரும்பக் கூட்டிட்டு வந்தா எந்தங்கச்சிய எவன் கட்டுவான்? வர மாசம் கல்யாணம்."

பிறகு அந்த அம்மாள் வந்தாள். அங்கே பேசுகிற பொத்தானை அழுத்தியது தெரிந்தது. வெறும் மூச்சுதான் வந்தது. படிக் காதைச் சாய்த்தார்.

"அவ கையெடுத்தாலே கல்யாணத்துல போட்ட சங்கு வளை சத்தம் கேக்கும். கேக்கலியே" என்றார்.

"சாப்பிட்டீங்களா?" என்றது ரேடியோ.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ?" என்றார் பெரியவர். பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. சுபல் பாய்ந்து அழுத்தி, "சாப்பிட்டாராம்மா" என்றான். பதிலுக்கு வாத்தியார் குரல்தான் வந்தது. "பையன் கூட்டிட்டுப் போயிட்டான்பா."

படிக்கைத் துறைக்கரை ஆசிரமத்தில் சேர்த்துவிட்டுச் சுபல் வீடு வந்தான். பூபதி அவனுக்கு முன்னாலேயே வந்து, தர்ப்பைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எரிக்க வேணாம் சித்தப்பா" என்று நடந்ததைச் சொன்னான். "எரிச்சுட்டு, நாளைக்கு அண்ணன் வந்து நின்னா நாமளும் அந்தப் பையன் மாதிரி பேசணுமா?"

மீன் அரிந்துகொண்டிருந்த மினதி நிமிரவில்லை. "அந்தம்மா வேறென்ன கேட்டா?"

"சாப்பிட்டீங்களான்னு மட்டுந்தான் அண்ணி."

"நானும் பன்னண்டு வருசமா தட்டை வெச்சு அதைத்தான் கேக்கறேன்." அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். "எரிச்சிருங்க."

"அண்ணி, ஆளு திரும்பி வராங்க. நான் கண்ணால பாத்துட்டு வரேன்."

"ஒனக்கென்னப்பா. வாரத்துக்கொரு தடவ மைக்குல கூப்பிடற, முடிஞ்சதும் எறங்கி வந்துடற. நான் எங்க எறங்கறது? ராவுல நாய் குரைச்சா எந்திரிச்சு உக்காந்துக்கறேன். வந்தா அவருக்கு நான் சோறு போடறேன், ஊரு என்னமும் பேசிக்கட்டும். வராத வரைக்கும் என்னைத் தூங்க விடு."

பூபதி தர்ப்பைக் கட்டை நீட்டினார். சுபல் வாங்கிக்கொண்டான்.

அமாவாசையன்று ஆற்றங்கரையில் தர்ப்பைப் பொம்மைக்குச் சுபல்தான் கொள்ளி வைத்தான். வைக்கோலை விடச் சீக்கிரம் எரிந்துபோனது. மினதியின் சங்கு வளைகளைப் பூபதி வீட்டம்மாள் கல்லில் வைத்து உடைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டியலைப் படிப்பதற்கு முன்னால் எட்டாவது பேரின் மேல் சுபல் கோடு கிழித்தான். வீட்டார் சொல்ல வேண்டுமே, சொல்லியாயிற்று. ஏழு பேர் படித்தான். எட்டைத் தாண்டி, "ஒன்பது" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கப் பொத்தானை விட்டான்.

குறுக்கே அனாதி வாத்தியார் குரல் வந்தது. "சுபல், ஒரு பேரு விட்டுப்போச்சே. கோகுல் மாய்த்தி, அஞ்சடி நாலு அங்குலம், இடது காது மடல்ல வெட்டு. எனக்கே மனப்பாடம்பா."

சுபல் பொத்தானை அழுத்தினான். அவன் அழுத்தியிருக்கிற வரை வேறு யாரும் பேச முடியாது. முற்றத்தில் மினதி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் மட்டும்.

"விட்டுப்போகலண்ணே" என்றான்.

பொத்தானை விட்டான். இரைச்சல்தான் வந்தது.

"சரிப்பா" என்றார் வாத்தியார். "ஒன்பதைப் படி."

சுபல் ஒன்பதாவது பேரைப் படித்தான்.