போர்ட்டோ அலெக்ரே டு சென்னை: பதினெட்டு மணி நேரம்

போன வாரம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு.

செல்வி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண். சனிக்கிழமை காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாள்... அவ்வளவுதான். புருஷன் டில்லிபாபு இருப்பது பிரேசிலில். போர்ட்டோ அலெக்ரே என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. இதோ கிளம்பிவிட்டேன், முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று போனில் கெஞ்சினான்.

எப்போது எடுப்பது? செல்வியின் அண்ணன் பாஸ்கர் இன்டர்நெட்டில் தேடினான். போர்ட்டோ அலெக்ரே டு சென்னை — பதினெட்டு மணி நேரம் என்று வந்தது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டான். கேட்ட யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எங்கள் ஊரில் சாவுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. கம்பெனி லீவு. மற்ற நாளில் மெஷினை விட்டுவிட்டு யார் வர முடியும்?

சரி, அந்தப் பதினெட்டு மணி நேரம் என்பது என்ன? இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே நேராகக் கோடு போட்டு, எங்கேயும் நிற்காமல் பறந்தால் ஆகிற கணக்கு. அப்படிப் பறக்கிற விமானமே கிடையாது! ஆலங்காயம் போகிற பஸ்ஸுக்கே, ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிற ஜனம் நாம். விமானம் என்றதும் எல்லாம் மறந்துபோகிறது.

ஞாயிறு மூன்று மணிக்கு டில்லிபாபுவின் போன் வந்தது. இரண்டு விமானம் மாறி, தோஹாவில் இறங்கியிருக்கிறான். சென்னைக்கு அடுத்தது ராத்திரிதான்.

வாசல் முழுக்க ஜனம். செல்வியோடு வேலை பார்த்த பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். குழியும் வெட்டியாகிவிட்டது.

"காலைல வந்துர்றேன் மச்சான். ஒரு ராத்திரி வெச்சிருங்க."

பாஸ்கர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். நாளைக்கு ஷிப்மெண்ட், ஒருத்தருக்கும் லீவு கிடைக்காது, நாலு பேர் இல்லாமல் அனுப்பினால் செல்விக்குத்தான் அசிங்கம் என்றார்கள். செல்விக்கு என்ன அசிங்கம்? எனக்கு எரிச்சலாக வந்தது. பாஸ்கர் தலையாட்டிவிட்டான். தோஹா ஏர்போர்ட்டில் உட்கார்ந்தபடி, வீடியோ காலில் பெண்டாட்டியை வழியனுப்பினான் டில்லிபாபு.

மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். சண்டை போடுவான் என்று பயந்தோம். போடவில்லை. புதைத்த இடத்துக்குப் போய்விட்டு வந்து வாசலில் உட்கார்ந்தான். பாஸ்கர் அழுதுகொண்டே தன் செல்போனை நீட்டினான் — மாலை போட்டிருந்த முகத்தைப் படம் எடுத்து வைத்திருந்தான்.

டில்லிபாபு வாங்கவில்லை.

"வேணாம் மச்சான். மூணு வருஷமா போன்லதான பாத்துக்குனு இருந்தேன்."

காத்திருந்திருக்கலாம்.